அட்டமியில் வந்த கமிஷனர்

“தாவா இடம் முழுவதும் காய்ந்த தரையாக உள்ளது. நீரோட்டம் எதுவும் காணப்படவில்லை.”

கமிஷனர் அறிக்கையின் நான்காவது பத்தியில் இருந்த இந்த இரண்டு வரிகள் என் கட்சிக்காரர்களைப் பாதி தோற்கடித்துவிட்டன. மீதிப் பாதியை நானே கவனித்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சுனாமிக்கு முந்தைய வருஷம். முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்குக் கட்டில் அவர்கள் ஒன்று முதல் பதினொன்று வரையான பிரதிவாதிகள், அவ்வளவுதான். ஒன்றாம் பிரதிவாதி ஊர்ப் பெரியவர். மூன்றாம் பிரதிவாதி ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மாள், உப்பங்கழியில் கைவிட்டு நண்டு பிடிப்பவர். வக்காலத்தில் கையெழுத்து என்னுடையது என்றாலும் வழக்கை நடத்தியவர் அவர்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

வாதி ஓர் இறால் பண்ணைக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கரையோரமெல்லாம் பொக்லைன் ஓடிய காலத்தில் குளங்கள் வெட்டினார். 1994, 95 வாக்கில் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்து மிதந்ததும் பம்பு செட்டைக் கழற்றிக்கொண்டு போனவர், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. குளங்களின் கரை மட்டும் நின்றது. அந்தக் கரைதான் வழக்கு.

முத்துப்பேட்டைக் காட்டைப் படகில் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அது முழுக்கப் பச்சையாகத்தான் நினைவிருக்கும். பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் அந்தக் காயலின் விளிம்பில் அலையாத்தி நெருக்கமாக நிற்கும். விளிம்பைத் தாண்டி உள்ளே நடந்தால் தலையில் வழுக்கை விழுந்தாற்போல் வெட்டவெளி. உப்புப் பூத்த தரை, அங்கங்கே சிவந்த உமரி, வேறொன்றும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் ‘கூப்பு’ வெட்டின் மிச்சம் அது. முறை வைத்து மொத்தமாக மரத்தை வெட்டியதில் நிழல் போய்த் தரை காய்ந்தது. காய்ந்த தரை உள்வாங்கித் தாம்பாளம் போலக் குழிந்தது. பெரிய ஏத்தத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, பங்குனி சித்திரை வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுப் போனது. வருஷா வருஷம் உப்பின் மேல் உப்பு. காவிரியின் கடைமடைக்கு நல்ல தண்ணீர் குறைந்ததும் அதைக் கழுவ ஆளில்லை. அந்தத் தரையில் எத்தனை கன்று நட்டாலும் கருகும்.

நடுவதால் காடு வராது, தண்ணீர் உள்ளே வந்து வெளியே போனால்தான் வரும் என்ற கணக்கை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் தொண்ணூறுகளில் பிச்சாவரத்தில் போட்டுப் பார்த்து, பிறகு முத்துப்பேட்டைக்கும் கொண்டுவந்தன. கழியிலிருந்து உள்ளே ஒரு தாய் வாய்க்கால்; அதிலிருந்து இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்டி, சரிவின் நடு மட்டத்தில் கன்று வைக்க வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் மூழ்கி அழுகும், மேலே வைத்தால் காயும். எங்கள் பக்கம் கடல் ஏறி இறங்குவதே ஒரு முழம், இரண்டு முழம்தான். ஒரு சாண் மட்டம் தப்பினால் வேலை முழுக்க வீண்.

இந்த வேலைக்கு ஊரில் ஒரு குழு இருந்தது. வெட்டியதோடு முடியாது, சேறு வந்து மூடும் வாய்க்காலைத் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். கன்று நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதற்கு வருவதில்லை. ஊர்ப் பெண்கள்தான் இறங்கினார்கள். நாலைந்து வருஷத்தில் வாய்க்கால் ஓரம் இடுப்பளவு அலையாத்தி நின்றது. ஆனால் ஊருக்குக் கிழக்கே ஒரு பகுதிக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை. நடுவில் இறால் பண்ணைக் கரை. கரையை அகற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்தார்கள். மனுவுக்கு ரசீது வந்தது, ஆள் வரவில்லை. ஒரு மாசி மாதத்து விடியற்காலையில் கரை இரண்டு ஆள் அகலத்துக்கு உடைந்திருந்தது.

‘உடைந்திருந்தது’ என்றுதான் நான் எதிர்வழக்குரையில் எழுதினேன். வெள்ளத்தில் தானாக உடைந்ததாம். மாசியில் ஏது வெள்ளம்? யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வயது எனக்கு. கட்சிக்காரரைக் காப்பாற்றும் பொய்யை மசோதாவில் நுழைப்பது திறமை என்று நம்பியிருந்த காலம்.

பிராது சுருக்கமானது: பட்டா என்னுடையது, பிரதிவாதிகள் அத்துமீறி நுழைந்து கரையை வெட்டினார்கள், குளத்துக்குள் அலையாத்திக் கன்றுகளை நட்டு நிலத்தை ஆக்கிரமிக்கப் பார்க்கிறார்கள், நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும். கூடவே இடைக்கால மனு. வாதியின் வக்கீல் எங்கள் பாரில் எல்லோருக்கும் அண்ணன். சிவில் வழக்கில் அவர் எழுந்து நின்றாலே எதிரே இருப்பவர் வாய்தா கேட்பார்.

நானோ தஞ்சாவூர் போய் சட்டப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்தேன். 1996 டிசம்பர் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு திருவிழா. 11-ஆம் தேதி, நம் தஞ்சை மண்ணில் உழைத்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கு: ஆவணத்தில் யார் பெயர் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான். 13-ஆம் தேதி கமல்நாத் வழக்கு: ஆறும் கடலும் கரையும் அரசிடம் பொதுமக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட சொத்து. அடுத்தடுத்த மூன்று நாள், மூன்று தீர்ப்பு. இறால் பண்ணைத் தீர்ப்பை மறுசீராய்வில் நிறுத்திவைத்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதை மென்று விழுங்கிவிட்டு மற்றதையெல்லாம் அரை மணி நேரம் வாசித்தேன்.

முன்சீப் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, இது ரிட் இல்லை. ஒரிஜினல் சூட். வாதி அனுபவத்தில் இருக்காரா இல்லையா, அதைச் சொல்லுங்க. கமிஷனர் போய்ப் பார்க்கட்டும்” என்றார்.

கமிஷனராக நீதிமன்றம் அனுப்பிய வக்கீல் என் வயதுக்காரர், நல்ல பையன். சர்வேயரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் மத்தியானம் போய் இறங்கினார். கரையை அளந்தார், கன்றுகளை எண்ணினார், படம் எடுத்தார். அங்கே தண்ணீர் என்று சொல்ல ஒரு சொட்டு இல்லை. இருந்ததை எழுதினார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அறிக்கையின் நகலை ஊருக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். ஒன்றாம் பிரதிவாதி தேதியைத் திரும்பக் கேட்டார். விரலை மடக்கினார்.

“அன்னிக்கு அட்டமி. அட்டமி நவமியில தண்ணி எங்க வக்கீலம்மா ஏறும்? அதுலயும் சித்திரை. வத்தத்துல வந்து பாத்தா கடலே தரைதான்.”

மூன்றாம் பிரதிவாதி சிரித்துவிட்டார். “நம்ம ஊர்ல அட்டமி பாக்காம கெளம்புற ஒரே ஆளு அவருதான் போல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் இருந்த காகிதம் எல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. சிட்டா, அடங்கல், புலப்பட நகல், மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எதிலும் மணி இல்லை. நிலத்துக்கு மணி தேவையில்லை. எந்த நேரம் போனாலும் அது அங்கேயே இருக்கும். நாங்கள் படித்த சொத்துச் சட்டம் முழுவதும் அப்படிப்பட்ட நிலத்துக்காக எழுதியது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடலாகவும் இரண்டு தடவை தரையாகவும் இருக்கும் இடத்தைச் சர்வே எண்ணுக்குள் அடைத்து, அதற்குள் நுழையாதே என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். நானும் அதே கட்டத்துக்குள் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.

ஆட்சேபணை தாக்கல் செய்தேன். என் தொழிலில் நான் எழுதிய மிகச் சின்ன ஆட்சேபணை அதுதான்: கமிஷனர் பார்த்த நாள் அட்டமி, பார்த்த நேரம் வத்தம், ஐப்பசிப் பௌர்ணமியன்று தண்ணீர் ஏறும் நேரத்தில் மறுபடி பார்க்க உத்தரவிட வேண்டும். அண்ணன் எழுந்து, மழைக்காலத்தில் மொத்தத் தாலுகாவும்தான் தண்ணீரில் நிற்கும், அதைக் காட்டிக் கடல் என்று சொல்லப் பார்க்கிறார்கள் என்றார். நியாயமான வாதம். முன்சீப் யோசித்துவிட்டு, “கமிஷனர் இந்தத் தடவை அவசரப்படாம இருந்து பார்க்கட்டும்” என்று மனுவை அனுமதித்தார். பேட்டா என் தரப்பு கட்ட வேண்டும். ஊரில் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துச் சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அந்த ஐப்பசியில் மழை தள்ளிப்போயிருந்தது. பௌர்ணமியன்று சிவன் கோயிலில் அன்னாபிஷேகம், அதை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது என்று கமிஷனர் வழியெல்லாம் முனகினார். இரண்டு படகு. ஒன்றில் அண்ணனும் வாதியின் மேலாளரும், இன்னொன்றில் நாங்கள். கரையின் உடைப்புக்கு எதிரே போய் இறங்கி நின்றோம். கெண்டைக்கால் அளவு சேறு. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு சேற்றில் இருந்த நண்டு வளைகள் ஒவ்வொன்றாக மினுங்கின. வாய்க்காலின் அடியில் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் நீட்டியது, நின்றது, மறுபடி நீட்டியது. சத்தம் இல்லை. நான் கடல் வருவதை அலையாக மட்டும் பார்த்தவள். அது இப்படி எறும்புபோல ஊர்ந்து வரும் என்று தெரியாது. அரை மணியில் தாய் வாய்க்கால் நிறைந்தது. கிளை கிளையாகப் பிரிந்து, உடைப்பு வழியே பண்ணைக் குளத்துக்குள் நுழைந்தது.

“மழைத் தண்ணி வடியுது” என்றார் மேலாளர்.

“வாயில வச்சுப் பாருங்க சார்” என்றார் மூன்றாம் பிரதிவாதி, கமிஷனரிடம்.

கமிஷனர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், குனிந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. “உப்புக் கரிக்குது.”

“உப்புத் தரையில மழை பேஞ்சாலும் கரிக்கும் தம்பி” என்றார் அண்ணன். அதுவும் சரிதான்.

அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த உமரியில் ஒரு கொப்பை ஒடித்து வாய்க்காலில் போட்டார். அது கழிப்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடைப்புக்குள் நுழைந்து, குளத்துக்குள் போய் ஒரு கன்றின் மேல் சாய்ந்து நின்றது. மழைத் தண்ணீர் நிலத்திலிருந்து கடலுக்குத்தான் போகும். இது மேலே ஏறுகிறது. கமிஷனர் நேரம் குறித்துக்கொண்டார். “இருங்க சார், வத்துறதையும் பாத்துட்டுப் போங்க” என்றார் பெரியவர்.

படகிலேயே உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து சோறும் மடவை மீன் குழம்பும் வந்தது. அண்ணன் பௌர்ணமிக்கு மீன் தொடமாட்டார்; அவருக்கு மட்டும் மோர்ச்சோறு. பிற்பகலில் தண்ணீர் திரும்பியது. இன்னொரு கொப்பைப் போட்டார்கள். அது வந்த வழியே வெளியேறிக் கழியில் கலந்தது. இரண்டு நேரத்தையும் கமிஷனர் தம் கைப்பட எழுதினார். சர்வேயர் சங்கிலியைப் பிடித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது: உடைப்பு விழுந்த கரைப்பகுதி வாதியின் பட்டாவிலேயே இல்லை. கழிப் புறம்போக்கை வளைத்துப் போட்ட கரை. கடல்நீரின் இயல்பான போக்கைக் கரை போட்டுத் தடுப்பதை 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே தடை செய்திருந்தது. நான் அரை மணி நேரம் வாசித்த தீர்ப்புகளில் கிடைக்காத பிடிப்பு இந்த ஒரு வரியில் கிடைத்தது.

இனி என் பங்கு. விசாரணை நடந்தது சுனாமிக்குப் பிறகு. மூன்றாம் பிரதிவாதி கூண்டில் ஏறினார். வெள்ளத்தில் உடைந்தது என்று சொல்லும்படி முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். தலையாட்டியிருந்தார்.

அண்ணன் குறுக்கு விசாரணையை மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “கரை எப்படிம்மா உடைஞ்சது?”

“நாங்கதான் வெட்டுனோம்.”

என் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. கோர்ட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“யார் யார்?”

“பொம்பளைங்கதான். ஆம்பளைங்க வேணாம்னாங்க. மூணு வாட்டி மனு குடுத்துட்டுத்தான் வெட்டுனோம்.”

அண்ணன் வெற்றியின் வாசலில் நின்றார். அங்கேயே நின்றிருக்கலாம். இன்னொரு கேள்வி கேட்டார். “வெட்டிட்டு உள்ளே போய் எத்தனை கன்னு நட்டீங்க?”

“கொளத்துக்குள்ள நாங்க போகலையே. எங்க வாய்க்கால்ல நட்டதுலயே பாதியை நண்டு தின்னுருச்சு. கொளத்துல நிக்குறது தண்ணி கொண்டாந்து போட்டது.”

முன்சீப் நிமிர்ந்தார். “தண்ணி எப்படிம்மா நடும்?” அலையாத்தியின் காய் மரத்திலேயே உள்ளுக்குள் முளை கட்டிவிடும், விழுந்ததும் மிதக்கும், தோல் கழன்று சேறு தட்டும் இடத்தில் வேர் விடும் என்பதை அவர் தம் பேச்சில், கையைத் தண்ணீராக வைத்துச் சொன்னார். அது சாட்சியமாகப் பதிவாகியது. கன்று நட்டு ஆக்கிரமித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த இடத்தில் கரைந்தது.

வெளியே வந்து அவரிடம் கோபப்பட்டேன். “சாமி மேல சத்தியம் வாங்குனாங்களே வக்கீலம்மா. நீங்க எழுதுனது எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பில் முன்சீப் எழுதியது வேறு: தமக்குப் பாதகமானதையே ஒப்புக்கொண்ட சாட்சி என்பதால் அவருடைய மற்றக் கூற்றையும் நம்பலாம், எதிர்வழக்குரையில் கண்ட வெள்ளக் கதையை நம்ப இயலாது. அந்த வாக்கியத்தின் பின்பாதி எனக்கு. நீதிமன்றத்தில் வாங்கிய குட்டுகளில் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சுனாமிதான் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது என்று பாரில் பேசுவார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எல்லோர் வாயிலும் அலையாத்தி வந்தது உண்மை. கோர்ட் டவாலிகூட என்னிடம் விதை கேட்டார். ஆனால் தீர்ப்பில் சுனாமி என்ற சொல்லே கிடையாது. கொப்பு மிதந்த நேரம் இரண்டும் இருக்கிறது.

தீர்ப்பு பாதிப் பாதி. புறம்போக்கில் இருந்த கரைக்கு உறுத்துக்கட்டளை இல்லை. உடைப்பு உடைப்பாகவே இருக்கலாம். பட்டா எல்லைக்குள் பிரதிவாதிகளும் அவர்கள் ஆட்களும் நுழையக் கூடாது. மனு கொடுத்துப் பலன் இல்லை என்பதற்காக மண்வெட்டியைத் தூக்கியது தவறு என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியோடு எனக்கு இன்றும் சண்டை உண்டு. எதிர்ப்பக்கம் நானே இருந்தாலும் அதைத்தான் வாதிட்டிருப்பேன் என்பது வேறு விஷயம். அண்ணன் ‘நமக்கும் ஜெயம்தான்’ என்று கட்சிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். பிறகு பார் அறையில் டீயை உறிஞ்சியபடி, “தண்ணிக்கு யாருப்பா நோட்டீஸ் சார்வு பண்றது?” என்றார். வாதி அப்பீல் போட்டார். அந்த வருஷமே நாடாளுமன்றத்தில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து இறால் பண்ணைகளுக்குப் புது வாசல் திறந்தது. ஆனாலும் இவர் திரும்பவில்லை. அப்பீல் ஆஜரின்மையால் தள்ளுபடியானது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அந்தப் பக்கத்தை உருட்டிப் போட்டது. அடுத்த வருஷ ஐப்பசியில் ஒரு சாவுக்குப் போனேன், ஒன்றாம் பிரதிவாதி. காரியம் முடிந்ததும் மூன்றாம் பிரதிவாதி படகில் கூட்டிப் போனார். பண்ணைக் குளம் குளமாக இல்லை. தலைக்கு மேல் உயர்ந்த அலையாத்தி, கஜா முறித்த கொம்புகள் சாம்பல் நிறத்தில், அவற்றின் காலடியில் புதுத் தளிர். நடுவில் ஓரிடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

“அந்தத் தடை இன்னும் இருக்கா வக்கீலம்மா?”

இருக்கிறது என்றேன். நிரந்தர உறுத்துக்கட்டளை, யாரும் நீக்கவில்லை.

அவர் படகை உடைப்புக்கு இந்தப்புறம் நிறுத்தி, சர்வேயர் நட்ட கல்லில் கயிற்றைக் கட்டினார். சாக்கில் மொச்சைக்கொட்டை போல, பச்சைத் தோலோடு அலையாத்தி விதை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் அடியில் ஈரம் நீட்டத் தொடங்கியதும் சாக்கின் வாயைப் பிரித்தார்.